காப்பு லீவு

எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்பு கட்டிக்கொண்டவர்கள் அதை அவிழ்க்கும் வரை காலில் செருப்புப் போடக் கூடாது. நான் வேலை செய்வதோ ஷூ கம்பெனி. அங்கே வெறுங்காலோடு உள்ளே நுழையக் கூடாது. ஊசி முறிந்து கிடக்கும், காலில் ஏறிவிடும் என்பார்கள். கம்பெனி திறந்த புதிதில் எங்கள் குரும்பலூர்ப் பக்கத்துப் பெண்கள் சிலர் கையில் மஞ்சள் கயிறும் வெறுங்காலுமாகப் போய் கேட்டில் நின்றார்கள். வாட்ச்மேன் விடவில்லை. இவர்களும் செருப்பை மாட்டவில்லை. கம்பெனி பஸ் அவர்களை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து விட்டது. அப்புறம் மேலே உள்ளவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். காப்பு கட்டியவர்கள் திருவிழா முடியும் வரை வீட்டில் இருக்கலாம், சம்பளம் பிடிக்க மாட்டார்கள். பின்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அந்த வேலையைச் செய்து கொடுத்துவிட வேண்டும். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். அதற்குக் காப்பு லீவு என்றே பெயர் வந்துவிட்டது.

நானும் வருஷா வருஷம் காப்பு கட்டுகிறவள்தான். என் மகளுக்காக.

போன வருஷம் திருவிழா வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று திருச்சியில் டாக்டர் சொன்னார். எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகவே நாள் பிடித்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கும் டீச்சர் ஒருத்தர் எப்போதாவது வந்து போவார். மற்ற நாளெல்லாம் இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கையில், கழுத்தில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள். வளையல் போட்டால் சுவரில் மோதி உடைப்பாள். செட்டிகுளம் முருகன் கோயிலில் சாமி பாதத்தில் வைத்துக் கட்டிய கயிற்றை மலையிறங்கி முடிவதற்குள் கடித்து எறிந்துவிட்டாள். படியில் கிடந்த அந்தக் கயிற்றைக் குனிந்து எடுக்கும்போது, முருகா, உனக்குக் கோபம் வேண்டாம், அவளுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த டீச்சர்தான் அரியலூரில் ஒரு பயிற்சிப் பள்ளி இருப்பதைச் சொன்னார். ஒரு நாள் லீவு போட்டு அழைத்துப் போனேன். அங்கே இருந்த பெரிய டீச்சர் சிரிக்காத மனுஷி. என் மகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"சேத்துக்கறோம். ஆனா மொத ரெண்டு வாரம் நீங்க கூடவே உக்காரணும். நாங்க செய்யிறத நீங்க செய்யணும். வீட்டுல போயும் செய்யணும்."

"எங்க நாத்தனார் வந்து உக்காந்தா ஆவாதுங்களா? எனக்கு வேலைக்குப் போவணும்."

"நாத்தனார்தான் வளக்கப் போறாங்களா? அம்மா இல்ல அப்பா. பிள்ளைய எறக்கி விட்டுட்டுப் போற எடம் இல்லம்மா இது." அப்புறம் குரலைக் கொஞ்சம் தணித்துச் சொன்னார்: "ஒரு எடந்தான் இருக்கு. வர்ற திங்கக்கெழம வரலன்னா அடுத்த பிள்ளைக்குக் குடுத்துருவோம். அவங்களும் காத்துக்கிட்டிருக்காங்க."

அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. தைக்கும்போது நூல் அறுந்துகொண்டே இருந்தது. எங்கள் லைன் சூப்பர்வைசர் என்னைவிடச் சின்னப் பெண். ஆனாலும் நான் மேடம் என்பேன், அது என்னை அக்கா என்னும். இரண்டு வார லீவு கேட்டேன்.

"சம்பளத்தோடயா? பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னா அதுக்கு லீவு கெடையாதுக்கா. ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னா ஈ.எஸ்.ஐ.-ல சீட்டு வாங்கிட்டு வாங்க."

ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கும் போனேன். டாக்டர் என் நாடியைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு என்ன செய்யிது?"

"எனக்கு ஒண்ணும் செய்யலங்க. எம்பொண்ணு கூட இருக்கணும்."

"ஒண்ணும் செய்யலன்னா நான் என்ன எழுதறது?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கே வருத்தம்தான் போலிருந்தது. வெளியே காத்திருந்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறார். வண்டி ஓடினால்தான் அவருக்குக் கூலி. அவர் நின்றால் வேறு டிரைவர் ஏறிவிடுவார். அன்று சோற்றில் கை வைத்தபடியே சொன்னார்: "பெத்துக்க லீவு குடுத்தாங்கல்ல. வளக்குறதுக்குக் கேட்டா மட்டும் முழிக்கிறானுவ."

"நீங்க நாலு நாள் வந்து உக்காருங்களேன்."

"நானா? அந்த டீச்சரம்மா மொகத்தப் பாத்தாலே எனக்கு லைசென்ஸ எடுத்து நீட்டணும்போல இருக்கு புள்ள."

சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் மறுபடியும் திங்கட்கிழமைக்கு எத்தனை நாள் என்று எண்ணினேன்.

யோசனை சொன்னவள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவள். பக்கத்து ஊர்க்காரி, வாய் ஓயாதவள்.

"யக்கா, கண்ண மூடிக்கிட்டு வெளக்கத் தேடுற. ஞாயித்துக்கெழம ஒங்க ஊர்ல காப்புக் கட்டு. நீ எப்பவும் கட்டுறவதான? லீவு தன்னால வரப்போவுது. பகல்ல அரியலூரு போயிட்டு வா. யாரு வந்து பாக்கப் போறா?"

"ஆத்தா பாப்பா இல்ல?"

"ஆத்தா எங்க வந்து பாக்கப் போறா? திருவிழாவுல அவளுக்கு ஆயிரம் சோலி."

அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். நான் காப்பு கட்டினால் காலையும் மாலையும் கோயிலில் நிற்பவள். தண்ணீர் ஊற்றுவேன், வேப்பிலை பறிப்பேன், பெருக்குவேன். அந்த நாளெல்லாம் ஆத்தாளுக்கு என்று கொடுத்த நாள். அவள் பெயரைச் சொல்லி லீவு வாங்கிவிட்டு வேறு எங்கோ போய் உட்கார்ந்திருந்தால் அது அவளை ஏமாற்றுவதில்லையா? காப்பு கட்டாமல் இருக்கலாம் என்றால் லீவு இல்லை. லீவு இல்லையென்றால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு. ஞாயிற்றுக்கிழமை வரை இப்படியேதான் மனது போய்ப் போய் வந்தது. பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு, என்ன வேண்டுவது என்று தெரியாமல் வெறுமனே நின்றேன்.

ஞாயிறு சாயங்காலம் மகளையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மேளச் சத்தத்துக்கு அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் இடுப்பில் முகத்தைப் புதைத்தாள். வரிசையில் எங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் நாலைந்து பேர் கை நீட்டிக் கட்டிக்கொண்டு ஓடின. காப்பு கட்டிய பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கூடம் போவதை எங்கள் ஊரில் யாரும் தடுத்ததில்லை. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைக்கும் முன்னால் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் கட்டுப்பாடு. பிள்ளைக்குக் கட்டினால் தாய்க்கும் அதே விரதம், அவளும் செருப்புப் போட மாட்டாள். இதெல்லாம் சின்ன வயதிலிருந்து தெரிந்ததுதான். அன்றைக்குத்தான் அது என் மண்டையில் ஏறியது.

பூசாரி மஞ்சள் கயிற்றோடு என் கையைப் பார்த்தார். நான் மகளின் கையைக் காதிலிருந்து மெதுவாக எடுத்து நீட்டினேன்.

"பாப்பாவுக்கா? அது பிச்சிப் போட்டுருமேம்மா. காப்ப பாதியில அறுக்கக் கூடாது."

"கட்டுங்க. ஆத்தா பாத்துக்குவா."

சொல்லிவிட்டேனே தவிர, அவள் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கட்டினார். அவள் கையை வெடுக்கென்று இழுத்தாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டாள். கயிறு இருந்தது. இனி பகலில் பள்ளிக்கூடம் போகிற காப்புக்காரி அவள், கூடப் போகிற தாய் நான்; ஆத்தாளை ஏமாற்றியதாகாது.

வீட்டுக்கு வந்ததும் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். ஒளிக்காமல் சொன்னேன். "மேடம், காப்பு எனக்கு இல்ல, எம்பொண்ணுக்குக் கட்டியிருக்கேன். நானும் செருப்பு போட மாட்டேன். பகல்ல அவள அரியலூரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவேன்."



"அக்கா, காப்புன்னு சொன்னது கேட்டுச்சு. அதுக்கப்புறம் டவர் இல்ல."

"நான் என்ன சொன்னேன்னா மேடம்..."

"டவர் இல்லக்கா. வச்சிடறேன்."

திங்கட்கிழமை இருட்டோடு கிளம்பினோம். குரும்பலூரிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து அரியலூர் பஸ். பஸ்ஸின் தகரத் தரை எஞ்சின் சூட்டில் வெறுங்காலைச் சுட்டது. பள்ளியில் ஒரு பாயில் அவள், பக்கத்தில் நான். மாவைப் பிசைந்து உருட்டுவது, மணியைக் கோப்பது, தன் முறை வரும்வரை பொறுத்திருப்பது. தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுக்காமல், டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்துக் கொடுப்பது. அவள் அட்டையை வாங்கி வீசுவாள். டீச்சர் எடுத்து மறுபடியும் கொடுப்பார். வீசுவாள். எடுப்பார். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், வெளியே வெயிலைப் பார்ப்பேன், அவள் மணிக்கட்டைப் பார்ப்பேன். கயிற்றின் முனையை அவள் பல்லில் வைக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வரும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒங்க பொண்ணு உக்காந்துட்டா. நீங்கதாம்மா இன்னும் உக்காரல."

உண்மைதான். பாயில் இருந்தேனே தவிர, ஒரு கால் பஸ் ஸ்டாண்டில் இருந்தது.

அவர்தான் அதைக் கவனித்தார். அவளுக்குப் படபடப்பு வரும்போது தலையில் அடித்துக்கொள்ளும் கை, இப்போது கயிற்றைத் திருகத் தொடங்கியிருந்தது. "அந்த எடத்துல ஒரு அழுத்தம் அவளுக்குப் பிடிச்சிருக்கு," என்றார். என் கையை எடுத்து, கட்டைவிரலும் நடுவிரலும் சேர அவள் மணிக்கட்டைச் சுற்றி வைத்தார். "இறுக்காதீங்க. ஓடாம பிடிச்சு வைக்கிற பிடி இது இல்ல. நான் இங்கதான் இருக்கேன்னு தெரியணும், அவ்வளவுதான்." நான் பிடித்தால் அவள் உதறினாள். கயிற்றைத் திருகினாள். கயிற்றோடு போட்டி போட என்னால் முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் திரும்பி வரும்போது, வழியில் ஒரு டிப்பர் அச்சு முறிந்து ரோட்டின் குறுக்கே நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வண்டிகள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"டிப்பரா? என்ன கலரு?" என்றார். சொன்னேன். "அப்ப எங்க வண்டி இல்ல," என்று பெருமூச்சு விட்டார்.

"வண்டியக் கேக்கலங்க. வெளக்கு வைக்கிறதுக்குள்ள ஊருக்கு வரணும், பிள்ளைக்குக் காப்பு கட்டியிருக்கு!"

பஸ் நின்றதும் மகள் கத்த ஆரம்பித்தாள். ஓடுகிற பஸ் நிற்பது அவளுக்கு ஆகாது. தலையை முன் சீட்டுக் கம்பியில் மோதினாள். என் கையை நடுவில் வைத்தேன். பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

"ஏம்மா, லூசுப் பிள்ளையப் பஸ்சுல ஏத்திக்கிட்டு ஏன் எங்க உசுர வாங்குற? கீழ எறக்கு."

இப்படிப்பட்டவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு வயதான அம்மாள் என் மகளின் கையைப் பார்த்தார். அப்புறம் எங்கள் இரண்டு பேருடைய காலையும் பார்த்தார்.

"அடப்பாவி, வாயக் கழுவுடா! காப்பு கட்டுன பிள்ள! ஆத்தா வந்திருக்கா அவமேல!"

பஸ்ஸே மாறிப்போனது. ஒருத்தி ஜன்னலோர இடம் கொடுத்தாள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சத்தம் போட்டவர் எழுந்து வந்து, "தாயி, தெரியாம சொல்லிட்டேன்," என்று என் மகளைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் கத்திக்கொண்டுதான் இருந்தாள். அதே கத்தல். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கீழே இறக்கச் சொன்ன கத்தலுக்கு இப்போது கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

நான் தெய்வ பக்தி உள்ளவள். ஆத்தா என் மகள் மேல் வரமாட்டாள் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தக் கும்பிடு எனக்கு இனிக்கவில்லை. கயிறு அவிழ்ந்த மறுநாள் இதே பஸ்ஸில் இவளுக்கு யார் இடம் கொடுப்பார்கள் என்றுதான் ஓடியது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்காரர் டூவீலரோடு நின்றார். நடுவில் மகளை வைத்துப் பறந்தோம். ஊர் எல்லைக்கு வரும்போது தெருவிளக்குகள் எரிந்துவிட்டன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன் அழுவுற? இது கரண்டு வெளக்கு. ஆள் போட்டது இல்ல, தன்னால எரியிறது. கணக்குல வராது," என்றார். வீட்டுக்குள் போனபோது நாத்தனார் விளக்கு வைக்க அப்போதுதான் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். என் மகள் அத்தனை நாளும் அறுக்கவில்லை. பூசாரி அவிழ்க்கும்போது கையை மடக்கிக்கொண்டு கொடுக்கவே மாட்டேன் என்றாள். பூசாரிக்கே மனசு தாங்கவில்லை. பஸ் தோழி திருவிழா பார்க்க வந்திருந்தாள். என் காதில் சொன்னாள்: "விட்டுருக்கா. பாப்பா குடுக்கலன்னு விட்டுரு. பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் கயிறு கையில கெடக்கட்டும். ஒனக்கும் லீவு நீளும்."

பூசாரியும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையாட்டியிருந்தால் விட்டிருப்பார்.

"அவுருங்க," என்றேன்.

ஆத்தாளுக்குக் கொடுத்த நாள் முடிந்துவிட்டது. இனிமேல் கேட்பதை என் மகள் பெயரில்தான் கேட்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கயிற்றைத் தண்ணீரில் விட்டோம். அவள் அது மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் பள்ளிக்கு, கொஞ்சம் தாமதமாக வருகிறோம் என்று போனில் சொல்லிவிட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். எச்.ஆர். சார் சேலத்துப் பக்கத்துக்காரர், இளவயது. நாங்கள் உள்ளே போனதும் எங்கள் காலைத்தான் முதலில் பார்த்தார். இரண்டு பேரும் செருப்புப் போட்டிருந்தோம்.

"காப்பு முடிஞ்சுதாம்மா? அப்ப நாளைக்கு டியூட்டிதான?"

"காப்பு முடிஞ்சுது சார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முடியல. சனிக்கெழம வரைக்கும் நான் கூட இருக்கணும். காப்புக்குக் குடுக்குற மாதிரியே குடுங்க. ஞாயித்துக்கெழம வந்து வேலய முடிச்சுக் குடுத்துடறேன்."

"அது திருவிழாம்மா. அதுக்கு ஊரே சாட்சி. இதுக்கு யாரு சாட்சி?"

"இவதான் சார்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவருடைய மேஜை மேல் இருந்த பேனாக்களை ஒரே வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்துவிட்டு என் பையைத் திறந்தாள். டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்தாள். பள்ளியில் நாலு தடவைக்கு மூன்று தடவை வீசுகிற அட்டை. இங்கேயும் வீசப்போகிறாள், அவர் மேல் படப்போகிறது என்று நான் கையை நீட்டுவதற்குள், அதை அவர் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"தண்ணி கேக்குறா சார்."

அவர் தன் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவள் குடித்தாள். பாதி சட்டையில் கொட்டியது. அவர் அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு அவளிடமே நீட்டினார்.

"சரிம்மா. சனிக்கெழம வரைக்கும் காப்புன்னே போட்டுக்கறேன்."

ஒத்துக்கொண்டு வந்திருக்கலாம். வாய் அடங்கவில்லை. "காப்ப அவுத்தாச்சு சார். ஆத்தா பேர்ல பொய்யா போடாதீங்க. வேற பேரு போடுங்க."

"வேற பேரு இதுல இல்லயேம்மா! இருக்குற லீவு இவ்வளவுதான்." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பியே காட்டினார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கையில் வந்ததைத் தட்டிவிட்டேனோ என்று நினைத்தேன். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பேரு போடாம வெறுமன விடுறேன். மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா இதையே அப்புறமும் கேட்டுக்கிட்டு வருவீங்களா?"

"வருவேன் சார்."

அவர் சிரித்தாரா, முகத்தைச் சுளித்தாரா என்று தெரியவில்லை. நாங்கள் வெளியே வந்தோம். சூப்பர்வைசர் வராந்தாவில் நின்றது. "டவர் கெடச்சுதாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது.

பெரம்பலூர் வந்து அரியலூர் பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். யாரும் இடம் கொடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சனிக்கிழமைக்குப் பிறகு என்ன, அடுத்த முறை அந்தப் பெரிய டீச்சர் வரச் சொன்னால் என்ன செய்வது, இந்த சார் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டால் யாரிடம் போய் நிற்பது என்று மனது அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. ஒவ்வொரு மாதமும் டீச்சர் என்னை வந்து உட்காரச் சொல்லும்போது போய்க் கேட்கிறேன். ஒரு மாதம் கிடைக்கிறது, ஒரு மாதம் இல்லை.

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. மகளின் கை தலையை நோக்கிப் போனது. பாதியில் நின்று, மணிக்கட்டைத் தடவியது. அங்கே கயிறு இல்லை. அவள் அந்த இடத்தையே பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், அந்தக் கையை என் கைக்குள் கொண்டுவந்து வைத்தாள். கட்டைவிரலும் நடுவிரலும் சேர, இறுக்காமல் பிடித்தேன். அவள் உதறவில்லை. அரியலூர் வரை அப்படியே நின்றுகொண்டு போனோம்.